அளவுகோல் இல்லாத கண்மாய்க்கு நீர்க்கணக்கு

பருவக் கடனுக்கு மனுச் செய்யும் அங்கத்தினரிடம், "கண்மாய் நீர் எவ்வளவு நிலத்திற்குப் போதும்?" என்று வினவினால், கரையை நோக்கியே விடை கூறிவிடுகிறார். அவ்விடையை நம்பியே கடன்தொகை நிர்ணயமாகிறது. விடை பிழைத்தால் கதிர் வரும் தறுவாயில் பயிர் கருகும். கடன் மட்டும் நிற்கும்.

வைகை போன்ற ஆறுகளில் நீரோட்டத்தை அளக்கும் நிலையங்கள் உண்டு. தேவகோட்டை வட்டாரத்துச் சிறு கண்மாய்களின் வரத்துக்கால்களில் அவற்றை எதிர்பார்ப்பதற்கில்லை. இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. சர்வதேச நீரியல் அறிவியல் சங்கம் 2003 முதல் 2012 வரையிலான பத்தாண்டை அளவீடற்ற வடிநிலங்களின் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிற்று. அளவீடுள்ள அண்டை நிலத்தின் எண்ணைக் கடன் வாங்குவது ஒரு வழி. பக்கத்துத் தறியின் பாவைக் கண்டு நூல் எடையை மதிப்பிடுவது போன்றதே அது. நூலும் நெருக்கமும் ஒத்திருந்தாலன்றிக் கணக்குப் பொய்க்கும்.

அமெரிக்க மண்பாதுகாப்புத் துறை 1950களில் வகுத்த 'வளைகோட்டு எண்' முறையைப் பார்ப்போம். எண் 100 எனில் பெய்த மழை முழுதும் ஓடிவரும். குறையக் குறைய மண் உறிஞ்சுவது மிகும். ஒரே நாளில் 100 மி.மீ. மழை பெய்தால், எண் 80க்கு ஏறத்தாழ 50 மி.மீ. ஓடிவரும், 70க்கு 33 மி.மீ. மட்டுமே. நீர்ப்பிடிப்பு 100 எக்டேராயின் வித்தியாசம் சுமார் 17,000 கனமீட்டர். எக்டேருக்கு 12,000 எனக் கொண்டால், ஒன்றரை எக்டேர் நெல்லின் முழுப்பருவ நீருக்குச் சற்றே குறைவு!

எண்ணைக் கண்டுபிடிக்கக் கண்மாயே அளவுகோலாகும். மேற்படி மழையில், மடை அடைத்திருக்க, சராசரி 10 எக்டேர் நீர்ப்பரப்பில் மட்டம் 40 செ.மீ. உயர்ந்ததாகக் கொள்வோம். வரவு 40,000 கனமீட்டர். இதில் கண்மாயின் மேலேயே நேராகப் பெய்த 10,000 கனமீட்டரைக் கழித்தல் வேண்டும். இக்கழிவைப் பலர் மறந்துவிடுகின்றனர். மீதி 30,000ஐ நீர்ப்பிடிப்பிற்குப் பங்கிட்டால் 30 மி.மீ.; அதற்குரிய எண் சுமார் 68. கழிக்காதவருக்கோ 74 என்று வரும்.

ஐப்பசி முதல் மழையில் கண்ட எண் கார்த்திகைக்குப் பொருந்தாது. நனைந்த மண் குறைவாகவே குடிக்கும். மேலைக் கண்மாய்க் கலுங்கு பாய்ந்து வந்த நீரையும் தனியே கழிக்காமல் இக்கணக்கு நில்லாது. ஆகவே நான்கைந்து மழைகளையேனும் குறித்தல் அவசியம். நேர்ச்சுவருள்ள தகரப் பாத்திரம் ஒன்று, மடைச்சுவரில் செ.மீ. கோடுகள், ஒரு நோட்டுப் புத்தகம்: இவ்வளவே செலவு. கோடுகளைப் புரட்டாசியிலேயே, கண்மாய் வறண்டிருக்கும்போது, தீட்டிவிடுவது நன்று.