முதல் பத்து விநாடி

"காலையில முதல் ஸ்டார்ட்டுல மட்டும் சத்தம் வருதுங்க" என்று பழைய வண்டியோடு ஒருவர் பட்டறைக்கு வருவார். வேலைக்குப் புதிதான மெக்கானிக் உடனே பானெட்டைத் திறந்து, எஞ்சினை ரேஸ் பண்ணிக் கேட்பார். ஓடி வந்த சூட்டில் அந்தச் சத்தம் எப்படி இருக்கும்? பிறகு ஊகம்தான். டேப்பட் மாறும், செயின் மாறும், பில் ஏறும். சத்தம் மட்டும் அப்படியே இருக்கும். வண்டியை இரவு விட்டுப் போகச் சொல்லுங்கள். மறுநாள் காலை முதல் செல்ஃப் அடிக்கும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அதற்கு முன் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள்; எந்த ஆயில், எந்த ஃபில்டர் போட்டிருக்கிறது என்றும் பாருங்கள். ஆயில் குறைவு, தவறான கிரேடு, மலிவான ஃபில்டர் என்று பல வண்டிகளில் காரணம் இங்கேயே சிக்கிவிடும். போனில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

இரவு முழுக்க ஆயில் கீழே சம்ப்புக்கு வடிந்திருக்கும். அது மேலே ஏறி அழுத்தம் பிடிக்கும் வரை வரும் ஓரிரு விநாடிச் சத்தம்தான் துப்பு. முன்பக்கம், டைமிங் கவர் பக்கமாகச் சங்கிலி உரசுவது போலக் கடகடத்து அடங்கினால் செயின் டென்ஷனரைச் சந்தேகியுங்கள். மேலே, டேப்பட் கவரிலிருந்து மெல்லிய டிக் டிக் என்றால் வால்வு பக்கம். ஆயில் ஃபில்டருக்குள் ஆயிலைப் பிடித்து வைக்கும் ரப்பர் வால்வு கெட்டிருந்தாலும் இதே சத்தங்கள் வரும். அதனால் நல்ல ஃபில்டரும் சரியான ஆயிலும் போட்டு, மறுபடி ஓர் இரவு நிறுத்திப் பார்க்காமல் டைமிங் கவரில் கை வைக்காதீர்கள்.

எந்த எஞ்சின் என்பது தெரிந்திருக்க வேண்டும். 796 சிசி மாருதி 800-இல் இருப்பது டைமிங் பெல்ட். அங்கே செயினைத் தேடுவது வீண். டேப்பட்டும் ஸ்க்ரூ வைத்தது, ஃபீலர் கேஜ் போட்டு இடைவெளி சரிசெய்யலாம். ஸ்விஃப்ட் டீசலின் 1248 சிசி எஞ்சினில் செயின் உண்டு, டேப்பட் ஹைட்ராலிக். அதில் ஃபீலர் கேஜுக்கு வேலையே இல்லை. அந்த டீசலில் கடகடப்பு நாளுக்கு நாள் நீண்டால் ஒத்திப்போடக் கூடாது. செயின் பல் தாவினால் வால்வு பிஸ்டனில் இடித்துவிடும்.

சில நிமிடம் டொக் டொக்கென்று வந்து, சூடேறியதும் மறைந்தால் இரண்டு சாத்தியம். மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஓரம் கரி படிந்திருந்தால் புகை கசிகிறது. உலோகம் விரிந்ததும் இடைவெளி மூடிக்கொள்ளும். கரி இல்லை, சத்தம் பிளாக் பக்கமிருந்து மந்தமாக வருகிறதென்றால் பிஸ்டன் தேய்மானம். ஆயில் குடிக்காமல், புகை விடாமல் இருந்தால் அந்த வண்டி இன்னும் நெடுநாள் ஓடும். எஞ்சினை இறக்கச் சொல்லிப் பயமுறுத்துவது அநியாயம்.

நீண்ட ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்பவர்கள் சட்டைக் கையை மடித்து, பெல்ட்டிலிருந்து விலகியே நில்லுங்கள். கேட்டதை ஜாப் கார்டில் எழுதுங்கள்: எந்தப் பக்கம், எத்தனை விநாடி, சூடானதும் என்ன ஆனது. "எஞ்சின் சத்தம்" என்று மட்டும் எழுதிய கார்டு அடுத்த ஷிப்ட் ஆளுக்கு உதவாது. ரெக்கார்டிங்கை வண்டிக்காரருக்குப் போட்டுக் காட்டி, "இந்தச் சத்தம்தானே சார்?" என்று கேட்டுக்கொண்ட பிறகே எஸ்டிமேட் கொடுங்கள்.

சூடாக ஆக அடிவயிற்றிலிருந்து இடி பலமானால் அது பேரிங். எஞ்சினை உடனே அணைத்துவிட்டு வண்டிக்காரருக்குப் போன் போடுங்கள்; அவரே ஓட்டிப்போகக் கேட்டாலும் சாவியைக் கொடுக்கும் முன் அபாயத்தை எடுத்துச் சொல்லுங்கள்.