மலையகத்தில் சைக்கிள் பாதை: பேச்சும் உண்மையும்

2022இல் பெற்றோலும் டீசலும் கிடைக்காமல் பஸ்கள் நின்றபோது கொழும்பு சைக்கிளைத் தேடியது, மலையகம் நடந்தது. நமக்கும் தனிச் சைக்கிள் பாதை வேண்டுமா என்று யாராவது கேட்டால், நான்கு பதில்கள் உடனே வந்து விழும். நான்கையும் உரசிப் பார்ப்போம்.

"மலைநாட்டுக்குச் சைக்கிள் ஒத்துவராது"

பாதிதான் உண்மை. பதுளைக்குப் போகும் ரயில் பாதையை, மலையில்கூட 44 அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏறாதபடி அமைத்தார்கள். அந்த அளவு ஏற்றத்தைச் சாதாரண சைக்கிளில் மிதித்துக் கடக்கலாம். லயத்துக்கு ஏறும் தோட்டத்து ரோட்டில் முடியாது; இறங்கித் தள்ளத்தான் வேண்டும். ஆனால் நுவரெலியா நகரம் 1,868 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், அதன் நடுப்பகுதி பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கிறது. கிரகரி வாவிக் கரையும் குதிரைப் பந்தயத் திடலின் சுற்றுவட்டமும் பெரும்பாலும் சமதரைதான். வாவியோரம் சுற்றுலாப் பயணிகள் வாடகைச் சைக்கிளில் உலா வருகிறார்கள். அவர்களால் முடிவது, அதே ஊரில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் கடைக்கு வேலைக்குப் போகும் இளைஞனுக்கும் ஏன் முடியாது?

"ரோட்டோரம் கோடு போட்டால் போதும்"

போதாது. ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் ரோட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் மண்மேடு, அதன் அடியில் கான், மறுபக்கம் சரிவு. வளைவில் இரண்டு பஸ்கள் சந்தித்தால், வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் கானோரம் ஒட்டி நிற்கிறார்கள். அந்த இடத்தில் வெள்ளைக் கோடு எந்தப் பஸ்ஸைத் தடுக்கும்?

ஸ்பெயினின் செவில் நகரம் 2006இலிருந்து 2010க்குள் சுமார் 120 கிலோமீட்டர் பாதையை, வாகனங்களிலிருந்து பிரித்து, இடையில் அறுந்துபோகாமல் போட்டது. அதற்காக ஆயிரக்கணக்கான கார் தரிப்பிடங்களை எடுத்தது. சில ஆண்டுகளில் சைக்கிள் பயணங்கள் பத்து மடங்குக்கு மேல் பெருகின.

"பாதை போட்டால் சனம் தானாக வரும்"

இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் நகரம் இதற்கு மறுப்பு. எரிக் கிளாக்ஸ்டன் என்ற பொறியியலாளர் அங்கே அருமையான தனிப் பாதைகளை அமைத்தார். கூடவே கார்களுக்கும் அகலமான, நெரிசலில்லாத ரோடுகள் இருந்தன. மக்கள் காரிலேயே போனார்கள். சைக்கிளில் போவது எளிதாக இருந்தால் மட்டும் போதாது. கார் எடுப்பது அதைவிட எளிதாக இருக்கக்கூடாது.

"பாதை இல்லாமல் யாரும் ஓட்டமாட்டார்கள், அதுவும் பெண்கள்!"

1990களில் போர்க்கால எரிபொருள் தடையின் கீழ் யாழ்ப்பாணம் சைக்கிளில்தான் வாழ்ந்தது. விறகும் மரக்கறியும் நோயாளியும் போனது சைக்கிளில்தான். தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுத்தந்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் துணைநின்றார். கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டினார்கள். தனிப் பாதை ஓரடிகூட இல்லை.

ஆனால் வேறு வழியில்லாமல் ஓட்டுவது ஒன்று. வழியிருந்தும் விரும்பி ஓட்டுவது வேறொன்று. பஸ்ஸும் ஆட்டோவும் இருக்கும் நாளில் ஒரு தாய் தன் மகளைச் சைக்கிளில் அனுப்ப வேண்டுமென்றால், ரோடு பயமில்லாததாக இருக்க வேண்டும். தனிப் பாதை தருவது அந்தத் தைரியத்தைத்தான்.

ஆகவே மலையகம் முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது. கொழுந்து பறிக்க மலையேறுகிறவருக்குச் சைக்கிள் பாதையால் பயனில்லை. அவருக்குத் தேவை வழுக்காத படிக்கட்டும் விளக்கும். ஹட்டன் பக்கத்து ரோடுகளில் பிள்ளைகளுக்கான நடைபாதையே முதலில் வர வேண்டும். நுவரெலியாவின் சமதரையில் மட்டும் பாடசாலைகளையும் ஆஸ்பத்திரியையும் பஸ் நிலையத்தையும் இணைத்து, கல்வரம்பு கட்டிப் பிரித்த பாதை ஒன்றை மாநகர சபை போடட்டும். அங்கே ஓட்ட ஆளிருக்கிறது.