மறுக்க அதிகாரம் இல்லாத நீதிபதி

அன்புள்ள பேத்திக்கு,

"மாவட்ட நீதிபதியின் வேலையை இன்னொருவர் பார்த்தால், அவரும் ஒரு குட்டி மாவட்ட நீதிபதிதானே தாத்தா?" என்று கேட்டிருந்தாய். உயில் விஷயத்தில் அப்படி இல்லை. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படி. முதலில் 265-ஆவது பிரிவு. சின்னப் பிரிவுதான், வகுப்பில் யாரும் அதில் அதிக நேரம் நின்றிருக்க மாட்டார்கள்.

ஒரு மாவட்டத்துக்குள் இருக்கும் நீதித்துறை அலுவலர்களில் தகுந்தவர் என்று தனக்குப் படுகிறவரை, மாவட்ட நீதிபதிக்குப் பதிலாகப் புரொபேட்டும் (உயில் மெய்யானது என்ற நீதிமன்றச் சான்று) லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷனும் (இறந்தவரின் சொத்தை நிர்வகிக்கத் தரும் அதிகாரப் பத்திரம்) வழங்க உயர் நீதிமன்றம் நியமிக்கலாம். அவருடைய எல்லையையும் அதுவே வகுக்கும். இவருக்குச் சட்டம் வைத்த பெயர் டிஸ்டிரிக்ட் டெலிகேட். அரசப் பட்டயத்தால் அமையாத உயர் நீதிமன்றங்கள் இந்த நியமனத்துக்கு மாநில அரசின் ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும். 1862-இல் பட்டயத்தால் அமைந்த சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இறந்தவருக்கு வரவேண்டிய கடன்களையும் பங்குப் பத்திரங்களையும் பெறுவதற்கான சக்சஷன் சர்டிபிகேட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளாதே. அங்கே கீழ் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருவது மாநில அரசு. அரசிதழில் அறிவித்துத் தரும். அது 388-ஆவது பிரிவு.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். 286-ஐயும் 288-ஐயும் சேர்த்து வாசி. எதிர்ப்பு எழுந்த எந்த மனுவிலும் டெலிகேட் புரொபேட் தரக் கூடாது. எதிர்ப்பு என்றால் பெரிய வாதப் பிரதிவாதம் என்று நினைக்காதே. ஒருவர் நேரிலோ, அங்கீகரிக்கப்பட்ட முகவர் மூலமோ, வக்கீல் மூலமோ எதிர்த்து முன்னிலையானாலே போதும். அந்த எதிர்ப்பில் சாரம் இருக்கிறதா என்று எடைபோடும் வேலை டெலிகேட்டுக்கு இல்லை. மனுவையும் ஆவணங்களையும் மனுதாரரிடமே திருப்பித் தந்து, மாவட்ட நீதிபதியிடம் தாக்கல் செய்யச் சொல்ல வேண்டியதுதான்.

யாருமே எதிர்க்கவில்லை, ஆனால் புரொபேட் தரக் கூடாது என்று டெலிகேட்டுக்கே தோன்றுகிறது. அப்போதும் அவரால் மனுவை முடிவாகத் தள்ளுபடி செய்ய முடியாது, அதே திருப்புதல்தான். அவரால் 'தருகிறேன்' என்று சொல்ல முடியும், 'தர மாட்டேன்' என்று தீர்ப்பளிக்க முடியாது. வேறு எந்த நீதிபதியின் அதிகாரமும் இப்படி ஒரு பக்கம் மட்டும் திறந்திருப்பதாக எனக்கு நினைவில்லை.

இது நம் ஊரில் முளைத்த யோசனை அல்ல. இங்கிலாந்தில் உயில் விவகாரங்கள் நெடுங்காலம் திருச்சபை நீதிமன்றங்களின் கையில் இருந்தன. 1857-இல் வந்த சட்டம் அவற்றை அங்கிருந்து பறித்துப் புதிய புரொபேட் நீதிமன்றத்திடம் தந்தது. மாவட்டங்களில் பதிவாளர்களை அமர்த்தி, தகராறு இல்லாத உயில்களை அவர்களே முடித்துவிடலாம் என்றது. அந்த ஏற்பாடுதான் கப்பலேறி இங்கே வந்தது. ஒரு வேறுபாடு, அங்கே பதிவாளர் செய்ததை இங்கே நீதித்துறை அலுவலர்தான் செய்ய வேண்டும் என்று வைத்தார்கள். வைத்தது சரி என்பது என் கட்சி. புரொபேட் மனுதாரரை மட்டும் கட்டுப்படுத்தும் உத்தரவு இல்லை. அது ஊருலகத்துக்கே பொருந்தும். அதை நம்பி உயிலின் நிறைவேற்றுநரிடம் கடனைக் கட்டியவருக்கும் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. அவ்வளவு கனமான காகிதத்தில் முத்திரை குத்துகிறவருக்குச் சாட்சியத்தை எடைபோட்ட பழக்கம் இருக்க வேண்டாமா?

டெலிகேட்டின் நாற்காலியில் ஒருநாள் நீ உட்கார்ந்தால், 'யாரும் ஆட்சேபிக்கவில்லை' என்ற வரியை நம்பிவிடாதே. வழக்குக் கட்டைத் திறந்து பார். உயிலில் 'சுய நினைவோடும், யாருடைய தூண்டுதலும் இன்றியும்' என்று வழக்கமான வாசகம் இருக்கும். அது ஆவணம் எழுதித் தருகிறவரின் கைப்பழக்கம், அதில் ஒன்றும் இல்லை. கடைசிப் பக்கத்துக்குப் போ. சாட்சிகள் இருவரும், எழுதியவர் கையெழுத்திட்டதைக் கண்டார்களா, அல்லது 'இது என் கையெழுத்து' என்று அவர் ஒப்புக்கொண்டதைக் கேட்டார்களா? 63-ஆவது பிரிவு கேட்பது அதைத்தான். பிறகு, சொத்தில் பெரும் பங்கு யாருக்குப் போகிறது, உயில் எழுத ஏற்பாடு செய்தவரும் அவரேயா என்று பார். மூன்று பிள்ளைகளில் ஒரு மகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையா? அவளுக்குப் போன நோட்டீஸ் 'விலாசதாரர் இல்லை' என்று திரும்பி வந்து கட்டுக்குள் கிடக்கிறதா? அப்படியானால் அவள் சம்மதித்தாள் என்று அர்த்தமில்லை. அவளுக்கு விஷயமே எட்டவில்லை.

வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் 1958-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. உயிலைச் சுற்றி ஐயம் தரும் சூழ்நிலை இருந்தால், உயிலை முன்வைப்பவர்தான் அதைப் போக்க வேண்டும். நீதிமன்றத்தின் மனசாட்சி நிறைவடைய வேண்டும். எதிராளி இல்லாத அறையில் அந்த மனசாட்சி நீ ஒருத்திதான்.

ஐயம் வந்தால் என்ன செய்வது? 287 வழி காட்டுகிறது. விஷயத்தை அறிக்கையாக எழுதி மாவட்ட நீதிபதிக்கு அனுப்பலாம். அவர் இன்னபடி நடத்து என்று அறிவுறுத்துவார், அல்லது நிறுத்தச் சொல்லி மனுதாரரைத் தன்னிடம் வரச் சொல்வார். உயிலே போலியோ என்று பட்டால் 288 தரும் இன்னொரு அதிகாரத்தைக் கவனி. நீதியின் பொருட்டு ஆவணங்களை முடக்கி, நேராக மாவட்ட நீதிபதிக்கே அனுப்பிவிடலாம். போலி உயிலை அதைக் கொண்டுவந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தால் அது எங்கே போகும் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

ஒரு குறையும் சொல்கிறேன். எதிர்ப்பு வந்ததும் மனுவைத் திருப்பித் தருவதால் மனுதாரர் வேறு வாசலில் மறுபடி வரிசையில் நிற்கிறார். கட்டை அப்படியே மாற்றி அனுப்ப வழி செய்திருந்தால் அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

எல்லை விஷயத்திலும் ஏமாந்துவிடாதே. இறந்தவரின் சொத்து தன் எல்லைக்குள் இருந்தாலே மாவட்ட நீதிபதி மனுவை எடுக்கலாம். டெலிகேட்டுக்கு அது போதாது. இறந்தபோது அவருடைய நிலையான வசிப்பிடம் டெலிகேட்டின் எல்லைக்குள் இருந்திருக்க வேண்டும். கோவையில் குடியிருந்து இறந்தவருக்குப் பொள்ளாச்சியில் தோப்பு இருந்தால், அந்தத் தோப்பைக் காட்டிப் பொள்ளாச்சி எல்லைக்கு மட்டும் நியமிக்கப்பட்ட டெலிகேட்டிடம் போக முடியாது.

அடுத்து 284-ஐப் படித்துவிட்டு எழுது. கேவியட் (எனக்குத் தெரிவிக்காமல் புரொபேட் தராதே என்ற முன் ஆட்சேபம்) டெலிகேட்டிடம் வந்தால் அதன் நகல் உடனே மாவட்ட நீதிபதிக்குப் போக வேண்டும். மாவட்ட நீதிபதியிடம் வந்தால் டெலிகேட்டுக்கு வர வேண்டும். இந்த இருவழிப் போக்குவரத்து ஏன் என்று நீயே யோசித்துச் சொல்.

அன்புடன்,
தாத்தா