அருங்காட்சியகம் காணும் முறை

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தை நகரத்து மக்கள் முற்காலத்தில் ‘செத்த காலேஜ்’ என்றும், விலங்குக் காட்சிச்சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் வழங்கினர். வேடிக்கையான பெயர்தான். ஆயினும் அங்குள்ளவை செத்தவையாவதும் உயிர்பெறுவதும் காண்போர் கண்ணைப் பொறுத்தவை. விடுமுறையில் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லும் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் பயன்படுமெனக் கருதி இப்பாடத்தை எழுதுகின்றோம்.

நாம் செய்த பிழை

ஆசிரியப் பணியிலிருந்த நாள்களில் ஆண்டுதோறும் நாற்பது மாணவியரை இருவர் இருவராக வரிசைப்படுத்தி அங்கு அழைத்துச் சென்றோம். இரண்டு மணி நேரத்தில் எல்லாக் கூடங்களையும் ‘முடித்து’விடுவோம். மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னால், நாற்பது ஏட்டிலும் திமிங்கில எலும்புக்கூடு ஒன்றே இருக்கும்.

ஒருமுறை சிறுமி ஒருத்தி தீர்த்தங்கரர் சிலை ஒன்றின்முன் நின்றுவிட்டாள். வரிசை குலைகிறதே என்று கையைப் பற்றி இழுத்தோம். “சாமி கண்ணைத் திறந்திருக்கிறாரா, மூடியிருக்கிறாரா டீச்சர்?” என்று கேட்டாள். “மூடித்தான் இருக்கிறார், நட” என்றோம். உண்மையில் நாம் பார்க்கவே இல்லை. பல ஆண்டுகள் கழித்துத் தனியே சென்று பார்த்தோம். நின்று நோக்கினால் இமைகள் மூடியவைபோல் தோன்றின. சிறுமியின் உயரத்திற்குக் குனிந்து நோக்கியபோதோ, இமைகளுக்கிடையே தாழ்ந்த பார்வை புலனாயிற்று. அவள் கேட்டது நல்ல கேள்வி. நாம் சொன்னதே தவறான விடை.

செல்லுமுன்

1851இல் தொடங்கப்பெற்று, 1854இல் எழும்பூருக்கு வந்த நிலையம் இது. ஒரே நாளில் கண்டு முடிக்க இயலாது. ஆதலின் மூன்று பொருள்களை மட்டும் முன்னரே தேர்ந்துகொள்க. ஒவ்வொன்றின்முன்னும் இருபது மணித்துளியேனும் நிற்க வேண்டும். பிள்ளைகள் கையில் பென்சிலும் தாளும் இருக்கட்டும். வரையத் தெரியாத பிள்ளையும் வரைய முயன்றால் உற்றுநோக்கும். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவிற் கொள்க.

காணும்போது

முதலில் அமராவதிச் சிற்பங்களுக்குச் செல்க. இவை கிருஷ்ணை ஆற்றங்கரைப் பௌத்தத் தூபியைச் சார்ந்த சுண்ணாம்புக்கற் சிற்பங்கள். இவற்றுள் ஒரு பகுதி இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. இங்குள்ளவற்றுள் நளகிரி யானையை அடக்கிய நிகழ்ச்சி ஒரு வட்டக் கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. ‘யானைகள் எத்தனை?’ என்று பிள்ளைகளைக் கேளுங்கள். இரண்டு என்பர். யானை ஒன்றுதான், காலங்கள்தாம் இரண்டு. ஓரிடத்தில் அது மதங்கொண்டு மனிதரைத் தாக்குகிறது. மாந்தர் அஞ்சி நடுங்குகின்றனர். சிலர் சாளரம் வழியே எட்டிப் பார்க்கின்றனர். மற்றோரிடத்தில் அதே யானை புத்தர் திருவடியில் மண்டியிடுகிறது. இடையே அங்குசமும் இல்லை, சங்கிலியும் இல்லை. சமயம் வேறாயினும், அன்பின் வலிமையைப் பிள்ளைகளுக்குக் காட்ட இக்கல்லினும் சிறந்த பாடநூல் வேண்டுமோ?

அடுத்துச் சமணச் சிற்பங்கள். இவற்றைப் புத்தர் என்று கூறுவோர் இன்றும் பலர். புத்தர் ஆடையுடன் இருப்பார். நம் நாட்டுத் தீர்த்தங்கரர் ஆடையின்றி இருப்பார். அமர்ந்திருப்பின் கைகள் மடிமேல் இருக்கும்; நின்றிருப்பின் கைகள் உடலைத் தொடாது தொங்கும். தலைக்குமேல் முக்குடையும் இருபுறம் சாமரை வீசுவோரும் உளரா என்று தேடச் செய்க. அரவம் படமெடுத்துக் குடைபிடிப்பின் பார்சுவநாதர் எனலாம். ஐந்து தலை மட்டும் இருப்பின் சுபார்சுவநாதரோ என்றும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். காளை ஆதிநாதர்க்கும், மான் சாந்திநாதர்க்கும், சங்கு நேமிநாதர்க்கும், சிங்கம் மகாவீரர்க்கும் உரிய இலாஞ்சனங்கள். ஆயின் பீடத்திற் சிங்கத்தைக் கண்டதும் மகாவீரர் என்று முடிவு செய்யற்க. அரியணையைத் தாங்கும் சிங்கங்கள் எத்தீர்த்தங்கரர்க்கும் உண்டு. பழைய தமிழ்நாட்டுச் சிலைகள் பலவற்றில் இலாஞ்சனமே இராது. அங்கு, ‘இன்னார் என்று அறியக் கூடவில்லை’ என்று எழுதுவதே சரியான விடை.

ஒரு வினா

சென்ற ஆண்டு நம் பெயரன், “பாட்டி, இங்கே பகவானுக்கு அபிஷேகம் உண்டா?” என்று கேட்டான். இல்லை என்றதும் அவன் முகம் வாடிற்று. நமக்கும் உடனே சொல் எழவில்லை. வீடு திரும்பும் வழியில் எண்ணியெண்ணி, இவ்வாறு கூறினோம்: கடப்பை மாவட்டத்துத் தானவுலபாட்டில், பெண்ணையாற்றங்கரையில் ஒரு சமணக் கோயில் மண்மூடிக் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழ்ந்தபோது வெளிப்பட்ட சிற்பங்கள் சென்னைக்கு வந்தன. வழிபடுவோரும் கூரையும் இழந்தவற்றுக்கு அருங்காட்சியகம் நிழல் தந்தது. அது நன்று.

வழிபாட்டில் உள்ள கோயிலிலிருந்து களவுபோனவற்றின் நிலை வேறு. அவை எவ்வளவு பெரிய அருங்காட்சியகத்தில் இருப்பினும் திரும்ப வேண்டியவையே. அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தான் நடராசர் திருமேனியை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் விலைக்கு வாங்கிற்று. 2014இல் அது இந்தியாவிற்குத் திரும்பியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்னரே எடுத்து வைத்திருந்த நிழற்படங்கள் அதனை அடையாளங்காண உதவின. யாரோ ஒருவர் உற்றுநோக்கிப் பதிந்து வைத்தமையால் அன்றோ திருமேனி மீண்டது!

பயிற்சி

நாள்தோறும் வலம்வந்து வணங்கும் நம் ஊர் ஜினாலயத்துத் திருமேனியைப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டு பத்துச் செய்திகள் சொல்ல நம்மால் இயலுமா? நாமே முயன்றோம், ஆறுக்குமேல் வரவில்லை. எழுபது ஆண்டு வணங்கிய திருமேனி அது.

ஆகவே, அருங்காட்சியகம் சென்று திரும்பிய அவ்வாரமே பிள்ளைகளை நம் ஆலயத்திற்கு அழைத்துச் செல்க. இருக்கையோ நிற்றலோ, முக்குடை, அரவம், சாமரை, பீடத்து எழுத்து, உயரம், சிதைவு ஆகியவற்றை ஏட்டில் எழுதச் செய்க. ஆலயத்தார் இசைந்தால் நிழற்படமும் எடுத்து, தேதியிட்டு வைத்திடுக. பிள்ளை ஒரு சிலைமுன் நின்றுவிட்டால், அருள்கூர்ந்து கையைப் பற்றி இழுக்காதீர்கள். அருகில் நீங்களும் சற்றுக் குனிந்து நில்லுங்கள்.