கரையும் வில்லைகள்

மருந்து நோயைத் தீர்ப்பது. அளவு மிகுந்தால் அதுவே நஞ்சாவது. ஆதலின், அதனை வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில் அளித்தலே சிறந்த மருத்துவமாகும். மூளையில் புற்றுக்கட்டி தோன்றினால் இஃது எளிதன்று. குருதியிற் கலந்த மருந்துகளுள் பலவற்றை மூளையின் நுண்குழாய்ச் சுவர்கள் உள்ளே விடுவதில்லை. மருந்தை மிகுத்தாலோ பிற உறுப்புகள் கெடும்.

இவ்விடரை நீக்க அமெரிக்க வேதிப் பொறியியல் அறிஞர் இராபர்ட் லாங்கர், மூளை அறுவை மருத்துவர் ஹென்றி பிரெம் முதலியோர் ஒரு வழி கண்டனர். நீர் பட்டால் பிணைப்பு அறுந்து சிதையும் பாலிமர் என்னும் பலபடிப் பொருள் ஒன்றில் கார்மஸ்டின் என்ற மருந்தைக் கலந்து, சிறு வில்லைகளாக்கினர். கட்டியை அகற்றிய குழியில் மருத்துவர் 8 வில்லைகள் வரை வைப்பர். நீரில் தேயும் சோப்பைப் போல வில்லை சிறிது சிறிதாகக் கரைய, மருந்தும் பல நாள் மெல்ல வெளிப்படும். வில்லையை எடுக்க மீண்டும் அறுவை வேண்டுவதில்லை.

கிளையடெல் எனப்படும் இதற்கு 1996-ஆம் ஆண்டு அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. இது நோயை முற்றும் ஒழிப்பதன்று. நோயாளர் வாழ்நாளைச் சில திங்கள் நீட்டிக்க உதவுவதே. எனினும், அத்திங்கள்களின் அருமையை அவர்தம் குடும்பத்தார் அறிவர்.