புழுக்கை பொறுக்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளே,

போன ஞாயிறு நீ கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனில் இறங்கி, மூன்று மாடி ஏறி வந்து, காப்பியை ஆறவிட்டுக்கொண்டே சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. போரிவிலி காட்டில் தேக்கு மரத்தடியில் விழும் புழு எச்சத்தைச் சேர்த்து எடை போடப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் சிரித்தார்களாம். "புழுக்கை பொறுக்கவா எம்எஸ்சி படிச்சே?" என்று உன் சித்தி கேட்டாளாம். அன்றைக்கே பதில் சொல்லியிருக்க வேண்டும். கோர்வையாகச் சொல்ல எனக்கு இப்போதெல்லாம் பேனா தேவைப்படுகிறது. இந்த வேலைக்கு உன்னைப்போல இன்னும் சில பிள்ளைகள் வந்திருப்பதாகக் கேள்வி. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை ஒளிவில்லாமல் எழுதுகிறேன்.

உன் சித்தி தெரியாமல் சொன்னாலும் சரியான வார்த்தையைத்தான் சொன்னாள். நாங்கள் லேபில் 'ஃப்ராஸ், ஃப்ராஸ்' என்று நாற்பது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆட்டுக்குப் புழுக்கை, எலிக்குப் புழுக்கை, புழுவுக்கு மட்டும் ஏன் இங்கிலீஷ்? நீ உன் நோட்டில் புழுக்கை என்றே எழுது.

என் பால்கனியில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியைப் பார்த்தாய் அல்லவா? மாட்டுங்கா மார்க்கெட்டில் கொத்து கொத்தாகக் கிடைக்கிறதே, இதை ஏன் வளர்க்கிறீர்கள் என்று கேட்டாய். சமையலுக்காக வளர்க்கவில்லை. கறுப்பு இறக்கையில் வெள்ளைப் பட்டை போட்ட பட்டாம்பூச்சி வந்து அதில் முட்டை வைக்கும். குஞ்சுப்புழு பார்ப்பதற்கு அசல் காக்கை எச்சம்தான். கடைசித் தோலை உரித்தபிறகுதான் பச்சைக்கு மாறும். அந்தக் கடைசி நாட்களில் அது தின்கிற தீனியைப் பார்க்க வேண்டுமே! தொட்டிக்குக் கீழே பழைய வேட்டித் துணி ஒன்றை விரித்து வைத்தேன். காலையில் மிளகைவிடச் சின்னதாக, கரும்பச்சையாக உருண்டைகள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஆறு பள்ளக் கோடுகள், வார்ப்பில் ஊற்றி எடுத்த மாதிரி. ஒன்றை விரலில் நசுக்கிப் பார்த்தேன். கறிவேப்பிலை வாசனை அப்படியே இருந்தது. தின்றதில் பாதிக்கு மேல் செரிக்காமலே வெளியே வந்துவிடுகிறது என்று புத்தகத்தில் படித்ததை மூக்கு ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மரம் இலையை உதிர்க்கும்போது சும்மா உதிர்ப்பதில்லை. இலை பழுக்கிறது என்றால் மரம் அதிலிருந்து தழைச்சத்தையும் மணிச்சத்தையும் உறிஞ்சித் தண்டுக்குத் திருப்பிக்கொள்கிறது என்று அர்த்தம். ஏறக்குறைய பாதியை மீட்டுக்கொண்டுதான் சருகைக் கீழே விடும். புழுவோ அந்த மீட்பு நடப்பதற்கு முன்பே, இலை பச்சையாக இருக்கும்போதே புகுந்துவிடுகிறது. மரம் சேமிக்க நினைத்த சத்து புழுக்கையாக, கடித்துப் போட்ட பச்சைத் துணுக்காக, புழுவின் பிணமாகத் தரைக்கு வருகிறது. போதாததற்கு, கடிபட்ட இலைமேல் மழை வடியும்போது சாம்பல்சத்தும் கழுவிக்கொண்டு இறங்கும். சணப்பையையும் கொழுஞ்சியையும் பூக்கும் தறுவாயில் பச்சையாக மடக்கி உழுவார்களே, வைக்கோலை உழுவதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் புழுக்கைக்கும் சருகுக்கும். ஒன்று மண்ணில் சீக்கிரம் கரையும். இன்னொன்று நாளெடுக்கும்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுப் பையன். அறுவடை முடிந்த புஞ்சையில் கீதாரிகள் வந்து கிடை போடுவார்கள். நாலு ராத்திரி ஆடு படுத்தால் அடுத்த வருஷம் வெள்ளாமை தெரியும். அதனால் வெகுகாலம் வகுப்பில் "புழு என்பது மரத்தின்மேல் போட்ட கிடை" என்று சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது, எனக்கும் பெருமையாக இருந்தது. ஆனால் அது தப்பு மகளே. ஆடு எங்கோ மேய்ந்ததை நம் புஞ்சைக்குக் கொண்டுவருகிறது. புழு அதே மரத்தின் சொத்தை எடுத்து அதே மரத்தின் காலடியில் போடுகிறது. புதிதாக ஒரு குண்டுமணி சேர்வதில்லை. தேதியும் வடிவமும்தான் மாறுகின்றன. இந்த ஒன்றை மறந்துவிட்டால் உன் ஆராய்ச்சி 'காட்டுக்கு உரம் போடும் புழுக்கள்' என்று ஞாயிறு மலர்க் கட்டுரையாக முடிந்துபோகும்.

போட்டது யாருக்குப் போகிறது என்பதுதான் சிக்கலான இடம். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்துக் கவீட்டா காட்டில், 1970களில் புழுக்கள் மரங்களை மொட்டையாக்கியபோது அங்கிருந்து ஓடும் ஓடையில் நைட்ரேட் கூடியிருந்தது. அதாவது கொஞ்சம் சத்து மரத்துக்கும் இல்லாமல் மண்ணுக்கும் இல்லாமல் தண்ணீரோடு போயிற்று. அதே நாட்டில் பிறகு ஓக் மரக் கன்றுகளின் அடியில், அடையாளமிட்ட தழைச்சத்து கொண்ட புழுக்கையைப் போட்டுப் பார்த்தார்கள். பெரும்பகுதியை மண் பிடித்துவைத்தது. ஒரு பங்கு அந்தப் பருவத்திலேயே வேர் வழியாக ஏறி இலைக்கு வந்தது. அந்த இலையைத் தின்ற அடுத்த புழுக்களின் உடம்பிலும் இருந்தது. இன்னும் சில காடுகளில் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சட்டென்று வளைத்துக்கொள்கின்றன. போரிவிலியில் பருவமழையின் முதல் மாதத்திலேயே கொட்டோ கொட்டென்று கொட்டும். சரிவில் இருக்கும் தேக்கின் கீழ் விழுந்தது அங்கேயே நிற்குமா, வெள்ளத்தோடு போகுமா? இதற்கு அமெரிக்க ஓக்கிடம் பதில் கேட்காதே. உன் மரத்தடியில் உட்கார்.

இன்னொரு எச்சரிக்கை. உன் தாத்தா திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவித் தோல் ஷெட்டில் வேலை பார்த்தவர் என்றாய். ஆவாரம்பட்டைத் துவரில் ஊறிய தோல் ஏன் அழுகுவதில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். துவர் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, கிருமியால் அதைப் பிரிக்க முடிவதில்லை. கடிபட்ட மரங்களில் பலவும் மிச்ச இலையில் துவரைக் கூட்டிக்கொள்கின்றன. அந்த இலை விழுந்தால் மட்க நேரமாகும். ஆக ஒரே புழு ஒரு கையால் சுழற்சியை வேகப்படுத்துகிறது, மறு கையால் மெதுவாக்குகிறது. தேக்கில் எது ஜெயிக்கிறது என்பதை எடையும் நாளும் சேர்ந்துதான் சொல்லும்.

தேக்கில் இரண்டு புழுக்கள் உண்டு, குழப்பிக்கொள்ளாதே. ஒன்று துளிர் விட்டதும் வரும் இலைதின்னி. ஹைப்ளேயா பியூரா என்று பெயர். இளம் இலையை நடு நரம்பு மட்டும் மிஞ்சும்படி தின்று தீர்க்கும். மற்றது மழையின் பிற்பாதியில் வரும், நரம்புகளுக்கிடையே உள்ள பச்சையை மட்டும் சுரண்டி இலையைச் சல்லடையாக விட்டுவிடும். முன்னது மரத்தின் முதலில் கை வைக்கிறது. பின்னது எப்படியும் உதிரப்போகும் இலையில், மரம் சத்தை மீட்டெடுக்கும் முன் அவசரமாக நுழைகிறது. இரண்டின் புழுக்கையையும் ஒரே டப்பாவில் போட்டாயானால் வருஷம் முழுவதும் வீண்.

முன்னதைப் பற்றி நம் நாட்டில் உருப்படியாக வேலை நடந்த இடம் கேரளத்து நிலம்பூர். 1840களில் கலெக்டர் கானொலி துரை காலத்திலிருந்து தேக்கு நட்ட ஊர். பீச்சியில் இருக்கும் கேரள வன ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே.எஸ்.எஸ். நாயரும் அவர் குழுவும் அங்கே சில பாத்திகளில் மருந்து அடித்துப் புழுவைத் தடுத்து, சிலவற்றை அப்படியே விட்டு, 4 வயதிலிருந்து 9 வயது வரை மரங்களை அளந்தார்கள். 1985இல் முடிவு வெளிவந்தது. தின்னப்பட்ட மரங்கள், வளர்ந்திருக்க வேண்டிய கன அளவில் 44 சதவீதத்தை இழந்திருந்தன. புழுக்கையால் மண்ணுக்கு எவ்வளவு வந்தாலும் அந்த 44க்கு ஈடாகவில்லை என்றுதானே பொருள்? கூட்டமாக வரும் வருஷத்தில் அந்தத் தோட்டங்களில் நின்றால் புழுக்கை விழும் சத்தம் தூறல் போலக் கேட்கும் என்பார்கள். மரம் வளர்த்துக் காசு பார்ப்பவனிடம் போய் அந்தத் தூறலை வரம் என்று சொல்லாதே. அதே சமயம் போரிவிலியில் யாரும் தேக்கை வெட்டி விற்கப்போவதில்லை. 104 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா அது. இழப்பு என்ற சொல்லுக்கு அங்கே வேறு பொருள். 'பூச்சித் தாக்குதல்' என்று தலைப்பிடுவதற்கு முன் யாருடைய நஷ்டம் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்.

செம்பூருக்குக் கிழக்கே தாணே கழிமுகத்தில் இதே புழு அலையாத்தியைத் தின்பதை நீ பார்த்திருக்க மாட்டாய். சில வருஷங்களில் மழை ஓயும் சமயம் விக்ரோலி, ஐரோலி ஓரம் அலையாத்தி மரங்கள் தீய்ந்ததுபோல் பழுப்பாகிவிடும். பேப்பர்காரர்கள் நோய் என்பார்கள், யாராவது மருந்து அடிக்கச் சொல்வார்கள். சில வாரங்களில் மரம் மறுபடி தழைத்துவிடும். பிரேசில் கரையோரத்து அலையாத்தியிலும் இதே புழு இதே கூத்தை நடத்தியதை 2005இல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அலையாத்திக் காட்டில் சேற்றில் விழும் புழுக்கையை ஓதம் வந்து வாரிக்கொண்டு போகும். எதிர்காலத்தில் ஒருநாள் அதையும் செய். இப்போது வேண்டாம், ஒரு காடு போதும்.

வேலை முறைக்கு வருகிறேன். மீட்டர் சதுரச் சட்டத்தில் கூம்பாக மல் துணி கட்டி, தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் நிறுத்து. தரையோடு வைத்தால் கறையானும் எறும்பும் பங்கு கேட்கும். துணியைக் கடையில் தைக்கக் கொடுக்காதே, தாராவித் தொண்ணூறு அடி ரோட்டில் தைக்கத் தெரியாத வீடு உண்டா? கூம்பின் கீழ் நுனியில் பாட்டில் வை, மழை கரைத்துக்கொண்டு போவதும் கணக்கில் வரட்டும். தினமும் எடு. தினமும் முடியாத நாள் என்று ஒன்று வந்தால் நோட்டில் அப்படியே எழுது, சராசரி போட்டு நிரப்பாதே. துணுக்கு வேறு, புழுக்கை வேறு, செத்த புழு வேறு. தின்னப்படாத மரங்களின் கீழேயும் அதே எண்ணிக்கையில் வலை கட்டு. இது இல்லாமல் நான் ஒரு வருஷ வேலையை ஆசிரியர் முன்னால் வைத்தபோது அவர் ஒரே கேள்வி கேட்டார், எனக்கு வாய் எழவில்லை.

அதைவிட அவமானமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆடி மாதம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈரப் புழுக்கையைப் பாலிதீன் பையில் கட்டி லேப் மேஜையில் விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை பை உப்பியிருந்தது, உள்ளே வெள்ளைப் பூஞ்சணம். அதை உலர்த்தி அளந்தேன், எண்ணும் கிடைத்தது, எழுதியும் வைத்தேன். அந்த எண் புழுவைப் பற்றியதல்ல, பூஞ்சணத்தைப் பற்றியது என்று புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. காகித உறையில் போடு, அன்றைக்கே 60 டிகிரி அடுப்பில் வை, எடை நிற்கும்வரை உலர்த்து.

கூட்டமாகப் புழு வராத வருஷம் வந்தால் மனம் சோராதே. சாதாரண வருஷத்திலும் வெப்பக் காடுகளில் இலையில் பத்தில் ஒரு பங்கைப் பூச்சிகள் தின்றுகொண்டுதான் இருக்கின்றன. சத்தமில்லாத அந்த மேய்ச்சலை அளக்கத்தான் ஆளில்லை. கூத்து நடக்கும் வருஷத்துக்கு எல்லோரும் வருவார்கள். காட்டுக்குள் தனியாகப் போகாதே, காவலரிடம் சொல்லாமல் போகாதே, இருட்டுக்கு முன் கேட்டுக்கு வந்துவிடு. சிறுத்தைக்கு உன் ஆராய்ச்சி புரியாது.

என் பழைய தராசு பீரோவுக்குப் பின்னால் சும்மா கிடக்கிறது. ஒரு மில்லிகிராம் வரை ஒழுங்காகக் காட்டும், படிக்கற்களும் இருக்கின்றன. வலை வாங்கும் பணத்தில் தராசுக்கு வேறு செலவழிக்காதே. ஜூன் பிறந்தால் தேக்கு துளிர்விடும், காந்தி மார்க்கெட் முன்னால் முழங்கால் தண்ணீர் நிற்கும், அப்புறம் கனமான சாமானோடு நீ இந்த சர்க்கிளைத் தாண்ட முடியாது. இந்த வாரமே வந்து எடுத்துக்கொண்டு போ. சித்தியையும் கூட்டி வா, தொட்டியில் இப்போது நாலு புழு இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்