முதலில் ஹெட்போன், அப்புறம் மைக்

வீட்டிலிருந்தே குரல் வேலை பார்க்கலாம் என்று இறங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த மைக் வாங்கலாம்?" என்பதுதான். ஒலிப்புத்தகம், இணையவழிப் பாடம், நிறுவன விளக்கப்படம், தொலைபேசியில் "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று சொல்லும் குரல் என்று வேலை எதுவானாலும் கேள்வி மாறுவதில்லை. என் பதில் வேறு. மைக்கைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். கையில் உள்ள பணத்தில் முதல் பங்கை ஹெட்போனுக்கு எடுத்து வையுங்கள்.

அனுப்பிய மாதிரிப் பதிவு திரும்பி வந்தால், பெரும்பாலும் மைக் மீது பழி இருக்காது. பின்னால் ஓடும் ஃபேன், சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி, வாய் உலர்ந்து எழும் 'டிக் டிக்' சத்தம், இவைதான் குற்றவாளிகள். செல்போன் ஸ்பீக்கரில் இவை காதில் விழாது. லேப்டாப் ஸ்பீக்கரிலும் விழாது. வாடிக்கையாளர் நல்ல ஹெட்போன் மாட்டிக் கேட்கும்போது எல்லாம் விழும். அவருக்குக் கேட்பது உங்களுக்கும் கேட்டாக வேண்டும்.

காதை முழுக்க மூடும், பின்புறம் அடைத்த ஹெட்போனாகப் பாருங்கள். பின்புறம் திறந்த வகை பாட்டுக் கேட்க அருமையாக இருக்கும். ஆனால் பேசும்போது மாட்டியிருந்தால் அதன் சத்தம் கசிந்து மைக்குக்குள் போய்விடும். புளூடூத் வேண்டவே வேண்டாம். பேசியது காதுக்கு வரும்போது நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தாமதமாகும், நாக்கு தடுமாறும். போதாததற்கு, அதே புளூடூத் ஹெட்செட்டின் மைக்கையும் பயன்படுத்தினால் குரல் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும்.

பெயர் சொல்லிக் கேட்டால், தொடங்குகிறவர்களுக்கு ஆடியோ டெக்னிகா ஏடிஎச் எம்20எக்ஸ் போதும். கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் அதே வரிசையில் எம்40எக்ஸ். 1991-இல் வந்த சோனி எம்டிஆர் 7506 இன்றும் உலகெங்கும் ஸ்டூடியோக்களில் தொங்குகிறது. அதன் மேல்சுருதி சற்றுத் தூக்கலாக இருக்கும். பாட்டு ரசிக்க அது தொந்தரவு, ஆனால் 'ச', 'ஸ' சீறுவதையும் வாய்ச் சத்தத்தையும் பிடிக்க அதுவே வசதி. ஒரு எச்சரிக்கை: 250 ஓம் போன்ற உயர் மின்தடை ஹெட்போனை லேப்டாப்பில் நேரடியாகச் செருகினால் சத்தம் போதாது. 32 முதல் 80 ஓம் வரை இருந்தால் கவலை இல்லை.

ஹெட்போன் வந்தபின் உடனே மைக் வாங்கக் கிளம்பாதீர்கள். செல்போனை மேசையில் வைத்து, ஃபேனை நிறுத்தி, ஒரு நிமிடம் பேசாமல் பதிவு செய்யுங்கள். விடியற்காலை ஒருமுறை, மதியம் ஒருமுறை, இரவு ஒருமுறை. பிறகு ஹெட்போனில் ஒலியைக் கூட்டிக் கேளுங்கள். ஃபிரிட்ஜ் உறுமுவது, பக்கத்து வீட்டு மோட்டார், தெருமுனை ஹாரன் எல்லாம் தெரியும். எந்த மைக் உங்களுக்கு ஆகும் என்பதைக் கடைக்காரரைவிட இந்தப் பதிவு சரியாகச் சொல்லும்.

இனி மைக். இரண்டு வகை உண்டு: கண்டென்சர் நுணுக்கமானது, டைனமிக் முரட்டுத்தனமானது, ஆகவே சத்தமுள்ள வீட்டுக்கு டைனமிக் என்பார்கள். முடிவு சரி, காரணம் பாதிதான் சரி. ஒரே திசையில் கேட்கும் இரண்டு மைக்குகளையும் வாயிலிருந்து ஒரே தூரத்தில் வைத்தால், உங்கள் குரலுக்கும் ஃபேன் சத்தத்துக்கும் உள்ள விகிதம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். டைனமிக் மைக்கில் மந்திரம் ஏதும் இல்லை. அது உங்களைக் கிட்டே வரச் சொல்கிறது, அவ்வளவே. தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும், அறைச் சத்தமோ அப்படியே நிற்கும். எட்டு அங்குலத்தில் பேசுகிறவர் நான்கு அங்குலத்துக்கு வந்தால் காசு செலவில்லாமல் அந்த 6 டெசிபல் கிடைத்துவிடும். ரொம்பக் கிட்டே போனால் அடிக்குரல் பருத்து, 'ப' ஒவ்வொன்றும் மைக்கில் குத்தும். மைக்கைச் சற்றுச் சாய்த்து வாயோரமாக வையுங்கள், பாப் ஃபில்டர் ஒன்று மாட்டுங்கள். "பாப்பா பட்டுப் பாவாடை கட்டினாள்" என்று நாலு தடவை சொல்லிப் பார்த்தால் இடம் சரியா என்று தெரிந்துவிடும்.

தெருவைப் பார்த்த அறை, மேல்தளத்தில் ஓடியாடும் குழந்தைகள் என்றால் யோசிக்காமல் டைனமிக் எடுங்கள். சாம்சன் க்யூ2யூ, ஆடியோ டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் இரண்டிலும் யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டு வாய்களும் உண்டு. இன்று லேப்டாப்பில் நேரே செருகலாம், நாளை வருமானம் வந்து, மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இண்டர்ஃபேஸ் என்ற பெட்டியை வாங்கினால் அதிலும் இதையே மாட்டலாம். ஹெட்போனை மைக்கிலேயே செருகித் தாமதமின்றிக் கேட்கவும் வசதி இருக்கிறது. தொடக்கத்தில் இதற்கு மேல் வேண்டியதில்லை.

யூடியூபில் எல்லோர் முன்னாலும் நிற்கும் ஷூர் எஸ்எம்7பி மீது ஆசை வரும். அதன் முன்னோடியான எஸ்எம்7-இல்தான் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' பாடல்கள் பதிவாயின என்ற பெருமை வேறு. ஆனால் அதற்கு 60 டெசிபல் அளவுக்கு கெயின், அதாவது ஒலிப்பெருக்கம், வேண்டும். மலிவான இண்டர்ஃபேஸ் அவ்வளவு தூக்கும்போது 'உஸ்' என்று இரையும். அதை அடக்க இன்னொரு பெட்டி, அதற்கு இன்னொரு செலவு. முதல் சம்பளம் வரும் முன்னே இது தேவையில்லை.

உட்புறமாக அமைந்த அமைதியான அறை கிடைத்தவர்கள் கண்டென்சர் எடுக்கலாம். இதற்கு 48 வோல்ட் மின்சாரம் தரும் இண்டர்ஃபேஸ் தேவை. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போன்றது போதும். மைக்குகளின் விவரத்தாளில் சொந்த இரைச்சல் என்று ஓர் எண் இருக்கும். ஆடியோ டெக்னிகா ஏடி2020-க்கு 20 டெசிபல், ரோட் என்டி1-க்கு 4 டெசிபல். ஆளை மயக்கும் வித்தியாசம்தான். ஆனால் நகரத்து வீட்டு அறையில் நள்ளிரவிலேயே 30 டெசிபல் சத்தம் இருப்பது சாதாரணம். அறையே அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். அறையை அமைதியாக்காமல் என்டி1 வாங்குவது வீண் செலவு.

அந்தப் பணத்தில் சிறு பகுதி அறைக்குப் போகட்டும். மைக்குக்குப் பின்னால் ஒட்டச் சொல்லி விற்கிற ஸ்பாஞ்சுகளை நம்பாதீர்கள். ஒருதிசை மைக்கின் முதுகு ஏற்கெனவே செவிடு. அது காது கொடுப்பது உங்கள் பக்கம், அதாவது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவர். அங்கேதான் இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்த வேண்டும். தலைக்கு மேல் ஒரு கனத்த கம்பளி, காலடியில் ஜமுக்காளம். இரும்பு பீரோ அதே அறையில் இருந்தால் கையால் தட்டிப் பாருங்கள், அந்த 'ங்ங்' உங்கள் பதிவிலும் வரும். துணியடைத்து, கதவுக்கு மேல் போர்வை போடுங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். காரணம் தெரியாத ரீங்காரங்கள் பலவும் அதோடு போய்விடும்.

அளவுகோல் வேண்டுமென்றால், அமேசானின் ஒலிப்புத்தகத் தளமான ஏசிஎக்ஸ் கேட்பதை வைத்துப் பழகுங்கள். சராசரி ஒலி மைனஸ் 23-க்கும் மைனஸ் 18-க்கும் இடையில், உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டாமல், பேசாத இடத்து இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே. இலவச மென்பொருளான ஆடாசிட்டியிலேயே மூன்றையும் அளந்துவிடலாம். இரைச்சல் நீக்கும் பொத்தானை அழுத்தி மைனஸ் 60-ஐ எட்டாதீர்கள். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும், கேட்கிறவருக்கு உடனே தெரியும்.

வாங்கும் இடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சென்னை ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்குவது சுகம்தான், ஆனால் ஷூர் எஸ்எம்58 போன்ற பெயர்பெற்ற மைக்குக்கு உலகம் முழுக்கப் போலிகள் உண்டு. அசல் எஸ்எம்58 298 கிராம் எடையுள்ளது. கையில் லேசாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள், அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரின் பில் இல்லாமல் வாங்காதீர்கள். ஸ்டாண்ட், பாப் ஃபில்டர், மைக் எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் அடிமாட்டு விலைக்கு வரும் 'கண்டென்சர் செட்'டில் ஸ்டாண்ட் மட்டும் சில காலம் உழைக்கும். பழைய பொருள் வாங்கத் தயங்க வேண்டாம். டைனமிக் மைக் கீழே விழுந்து எழுந்தும் பல வருடம் ஓடும். கண்டென்சரைப் பழையதாக வாங்கினால் கால் மணி நேரம் மாட்டி வைத்துக் கேட்டுப் பார்த்தபின்தான் பணம் கொடுக்க வேண்டும், கடற்கரை ஊர் ஈரத்தில் அது படபடக்கத் தொடங்கியிருக்கலாம். ஹெட்போனில் காதுப்பஞ்சு உரிந்திருந்தால் அதைக் காட்டி விலையைக் குறையுங்கள். புதுப் பஞ்சு தனியே கிடைக்கிறது, நீங்களே மாட்டிவிடலாம்.